உப்புக் காற்றில் ராக்: ஒரு யமஹா ஆம்ப், மூன்று ஜோடி ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்

செட்டை மாற்ற நினைக்கும் ராக் ரசிகர்கள் முதலில் சொல்லும் குறை "பேஸ் பத்தலை" என்பது. பேஸ் என்பது பாட்டின் தாழ்ந்த, கனமான ஒலி. ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கான்கிரீட் வீடுகளில் பெரும்பாலும் அது குறைவாக இருப்பதில்லை. வேண்டாத இடத்தில் குவிந்து கிடக்கிறது, வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கினால் அதே குழப்பம் இன்னும் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். வீடு கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தப் பெட்டி நாலு வாடைக்காலம் தாங்குமா? இங்கே சொல்லும் சிபாரிசுகள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

பரவலாக இருக்கும் 5.1 ஹோம் தியேட்டர் செட் ராக்குக்கு ஆகாது. சுற்றி வைக்கும் சின்னப் பெட்டிகளில் இருப்பது மூன்று அங்குலக் கோன். அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக இறங்காது (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறைய ஒலி தாழும்). அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மூலையில் கிடக்கும், பேஸுக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபர்தான் சுமக்கிறது. ராக்கின் உயிரோ அந்தப் பகுதியில் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், எலெக்ட்ரிக் கிட்டாரின் அடித்தந்தி 82, காலால் அடிக்கும் கிக் டிரம்மின் குத்து 50 முதல் 100, குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் உடம்பு 200 பக்கம். ஒரே கிட்டாரின் பாதி மூலையிலிருந்தும் மீதி முன்னாலிருந்தும் வந்தால் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியான ரிஃப் எப்படி ஒட்டும்?

அட்டையில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான பி.எம்.பி.ஓ. வாட்டுக்கு (ஒரு கண உச்சம் என்று காட்டும் எண்) அர்த்தமே கிடையாது; தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். அசெம்பிள் ஆம்புகளிலும் இதே வேடிக்கை நடக்கிறது. 4440 ஐசி போர்டில் நியாயமாகக் கிடைப்பது சேனலுக்கு 6 வாட், இரண்டு சேனலையும் ஒன்றாக்கிப் பிரிட்ஜ் செய்தால் 19. 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு நல்ல சரக்குதான். ஆனால் அந்த டிரான்சிஸ்டரில் போலி ஏராளம். டிரான்ஸ்ஃபார்மரிலும் ஃபில்டர் கெப்பாசிட்டரிலும் கை வைத்துச் சிக்கனம் பிடித்திருந்தால், கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் இறங்கிப் பாட்டு மூச்சிரைக்கும்.

ஆம்ப்: யமஹா ஏ-எஸ்301

ரொம்ப நாளாக விற்பனையில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப் இது. 8 ஓமில் சேனலுக்கு 60 வாட். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு அலைவரிசைக்கும் 0.019 சதவீதச் சிதைவுக்குள் கொடுக்கப்பட்ட எண் என்பதால் நம்பலாம். டிஜிட்டல் ஒலிக்கு ஆப்டிகல், கோஆக்சியல் உள்ளீடு ஒவ்வொன்று, இசைத்தட்டு பிளேயருக்கான ஃபோனோ உள்ளீடு, சப்வூஃபருக்குத் தனி வெளியீடு எல்லாம் உண்டு. புளூடூத் உள்ளே கிடையாது; ஒரு சின்ன ரிசீவரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

60 வாட் போதுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் இரண்டரை மீட்டரில் உட்கார்ந்தால் தூரத்தால் 8 டெசிபல் போகும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 திரும்பி வரும், சுவர்கள் இன்னொரு 3 தரும். ஆக, ஒரு வாட்டில் காதுக்கு 86. சராசரி 85 டெசிபலில் கேட்டால் டிரம் அடிகள் அதைவிட 15 எகிறி 100 தொடும். அதற்கு 25 வாட் வேண்டும். சராசரியை 90-க்கு ஏற்றினால் தேவை கிட்டத்தட்ட 80 வாட். சாதாரண அறையில் தாராளமாகக் கேட்க 60 போதும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குப் போனால் போதாது. அந்த எல்லையைத் தாண்டியும் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, உயர் ஒலியில் கூடுதல் சக்தி பாய்ந்து, ஸ்பீக்கரில் உயர் ஒலி தரும் சின்ன அங்கமான டுவீட்டரின் சுருள் கருகும். பெரிய ஆம்பால் எரியும் டுவீட்டரைவிட, சின்ன ஆம்பைக் கழுத்தை நெரித்து ஓட்டி எரியும் டுவீட்டர்தான் அதிகம்.

இதில் உள்ள லவுட்னஸ் குமிழ் பலருக்குப் புரிவதில்லை. அது பேஸ் பூஸ்ட் அல்ல. நீங்கள் கேட்கும் அதிகபட்சச் சத்தத்துக்கு முதலில் வால்யூமை வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் லவுட்னஸைத் திருப்பிச் சத்தத்தைக் குறையுங்கள். அது நடு ஒலியை மட்டும் தணித்துக்கொண்டே வரும். குறைந்த சத்தத்தில் காது இழக்கும் பேஸும் டிரெபிளும் அப்படியே நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ராக் கேட்கிறவருக்கு இதைவிட உபயோகமான குமிழ் வேறு எந்த ஆம்பிலும் சிக்குவது கஷ்டம்.

குறை என்று சொன்னால், இந்த வகை ஆம்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒன்று. சப்வூஃபர் மாட்டினாலும் முன் ஸ்பீக்கர்களுக்கு முழு பேஸும் போய்க்கொண்டே இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி அனுப்பும் வசதி இல்லை. ஸ்பீக்கரில் தாழ் ஒலி தரும் வூஃபர் சின்னதாக இருந்தால் வீணாக ஆடும். ஸ்பீக்கரின் பின்துளையைக் கனமான ஸ்பாஞ்ச் உருளையால் அடைத்தால் ஓரளவு கட்டுப்படும்.

மூன்று ஜோடி ஸ்பீக்கர்

பட்ஜெட்டில் பாதியை இங்கே போடுங்கள்.

ஜேபிஎல் ஸ்டேஜ் ஏ130-இல் 5.25 அங்குல வூஃபர், 86 டெசிபல். குரலும் கிட்டாரின் கடியும் தெளிவாக வரும். ஆனால் மேலே போட்ட அதே கணக்கில் இதற்கு 25-க்குப் பதில் 40 வாட் வேண்டும். சப்வூஃபர் இல்லாமல் இதை ராக்குக்கு வாங்க வேண்டாம்.

வார்ஃப்டேல் டயமண்ட் 12.2-இல் 6.5 அங்குல வூஃபர், துணியால் ஆன டோம் டுவீட்டர், 88 டெசிபல், 8 ஓம். கிட்டாருக்கு உடம்பு இதில்தான் கிடைக்கிறது. சிம்பல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். 1990களின் நடுவிலிருந்து ராக் ஆல்பங்களைப் பெரும்பாலும் அழுத்திப் பிழிந்து, எப்போதும் உச்ச சத்தத்தில் மாஸ்டர் செய்கிறார்கள். மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் நம்மூர் அறையில் அந்த ஆல்பங்களை ஒரு மணி நேரம் தாங்கிக் கேட்க அந்த மெத்தனம் வேண்டும்.

கிளிப்ஷ் ஆர்பி-600எம் குழல் வாய் டுவீட்டர் கொண்டது. கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் கேட்கும் அந்தப் பளீர் வேகம், நாகரிகமான உருவத்தில். காகிதத்தில் 96 டெசிபல். அறையில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், 90-க்குச் சற்று மேல் என்று கணக்கு வைத்தாலே ஆம்புக்குப் பாதிச் சுமை குறைந்துவிடும். ஸ்னேர் அடி முகத்தில் அறையும். பழைய எழுபதுகளின் பதிவுகள் இதில் உயிர்த்தெழும், புதிய அழுத்தப் பதிவுகள் காதைக் கிழிக்கும். பெரிய கூடம், ஓட்டு வீடு, தடித்த திரை உள்ள அறை என்றால் கிளிப்ஷ். பத்துக்குப் பன்னிரண்டு கான்கிரீட் அறை என்றால் வார்ஃப்டேல். நிறைய பேருக்குப் பின்னதுதான் சரிப்படும்.

அறையின் கணக்கு

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். இதைவிட மோசமான அளவை யோசித்துக் கட்டினால்தான் உண்டு. முப்பது டிகிரி வெக்கையில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். அதன்படி நீளம் 48 ஹெர்ட்ஸிலும், அகலமும் உயரமும் சேர்ந்து 57 ஹெர்ட்ஸிலும் முழங்கும். பின் சுவரில் சாய்ந்து கேட்பவருக்கு அடித்தந்தியில் 'ஜி' சுரம் (49 ஹெர்ட்ஸ்) வரும்போதெல்லாம் ஜன்னல் கதவு அதிரும். அதே தந்தியின் வெறும் 'இ' (41) மெலிந்து போகும். அறையின் நட்டநடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்தவருக்கோ பேஸே இருக்காது. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

அதனால் காசு செலவில்லாத முதல் வேலை, உட்காரும் இடத்தை மாற்றுவது. பின் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாலடி முன்னால் வாருங்கள். ஸ்பீக்கர்களின் முதுகைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறடி, லேசாகக் கேட்பவரை நோக்கித் திருப்பி.

உயரம் அடுத்தது. டுவீட்டர் காதின் மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில். பாயில் சம்மணம் போட்டால் 80 சென்டிமீட்டர்தான். கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் நாற்காலிக்காரர்களுக்கு. பாயில் உட்காருகிறவருக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரின் அடியிலும் இரண்டு ஹாலோ பிளாக் போதும்: ஒன்றைப் படுக்க வைத்து அதன்மேல் இன்னொன்றை நிறுத்தினால் 60 சென்டிமீட்டர், மேலே ஒரு கடப்பா பலகை. கல்லின் குழிக்குள் மணல் நிரப்பினால் நல்லது. ஆனால் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள்; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த எம்-சாண்ட் போதும்.

எதிரொலிக்குப் பனை ஓலைப் பாய் உதவாது. அது ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜமுக்காளம் டிரெபிளை மட்டும் கொஞ்சம் தின்னும். உண்மையில் வேலை செய்வது பஞ்சு மெத்தை. நாலு அங்குல மெத்தையைச் சுருட்டி முன் மூலைகள் இரண்டிலும் நிறுத்துங்கள். கிட்டாரின் கீழ்ப்பகுதி தெளியும். 48 ஹெர்ட்ஸ் முழக்கம் அதற்கெல்லாம் அசையாது. அதற்கு உட்காரும் இடமும் சப்வூஃபர் இடமும்தான் மருந்து. மழை மாதங்களில் மெத்தை ஈரம் கோத்துக்கொள்ளும், வெயில் கண்டதும் காயப் போட மறக்காதீர்கள்.

ஓட்டு வீட்டில் விவகாரம் தலைகீழ். ஓட்டின் இடுக்கு வழியே பேஸ் வெளியே போய்விடும். முழக்கம் கிடையாது, சுத்தமான பேஸ் கிடைக்கும், ஆனால் அளவு குறையும். அங்கே சப்வூஃபர் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

சப்வூஃபர்

துளை இல்லாத மூடிய பெட்டி, 10 அங்குலம், சொந்த ஆம்புடன் உள்ளது. துளை வைத்த பெட்டி படத்தின் வெடிச் சத்தத்துக்கு நல்லது. வேகமான இரட்டை கிக் அடிகளில் ஒன்றோடொன்று குழைந்துவிடும். வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய உத்தி ஒன்று உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது மானத்துக்கு நல்லது.

சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கலாம் என்ற வெட்டு எல்லையை டயமண்ட் 12.2-க்கு 60-இலும் ஜேபிஎல்லுக்கு 80-இலும் தொடங்குங்கள். ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, கிக் எதில் கனமாக இருக்கிறதோ அதில் விடுங்கள். அளவை, சப்வூஃபர் இருப்பதே தெரியாமல், அணைத்தால் மட்டும் குறை தெரியும்படி வையுங்கள். முதல் வாரம் எல்லோரும் கூட்டித்தான் வைப்பார்கள்.

உப்பு

புதிய பாம்பன் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தபோது, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளும் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கவனம் வேண்டிய காற்று இது. நம் ஆம்பின் பின்னால் இருப்பதோ மெல்லிய முலாம் பூசிய பித்தளை.

உப்பு முதலில் தாக்குவது ஒயர் முனையை. விலை மலிவான ஸ்பீக்கர் ஒயர் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் முனை வெள்ளைப் பொடியாக உதிரும். பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. படகு ஒயரிங்குக்குப் பயன்படுவது இதுதான், வாங்க வேண்டியதும் இதுதான். ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் என்றாலும், 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலும் 2.5. முனையில் பனானா பிளக்கை இறுக்கி, வேர்ப் பகுதியில் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வெறும் ஒயரை முறுக்கித் திருகுவது இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது, பச்சை பூத்துவிடும். அப்போது முதலில் போவது பேஸ் இல்லை. ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வரும், ஆம்ப் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஆடாமல் மாட்டுங்கள். கரகரக்கும் வால்யூம் குமிழுக்கு, துரு நீக்க வாங்கி வைத்திருக்கும் சாதாரண ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். அது உள்ளே எண்ணெய்ப் படலம் விட்டுத் தூசியைக் கோக்கும்.

ஆம்பைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுவது பெரிய பாதுகாப்பு, உள் வெப்பம் ஈரத்தை ஓட்டும். ஓடாதபோது துணி மூடலாம். ஓடும்போது மூடினால் அது வேறு செலவு. ரேக்கை எந்தச் சுவரில் வைப்பது என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். தேவிபட்டினம், தொண்டி போன்ற வடகடல் ஊர்களில் வாடை நேராக அடிக்கும் வடகிழக்கு ஜன்னலையும், கீழக்கரை, ஏர்வாடி போன்ற தென்கடல் ஊர்களில் சோழகம் அடிக்கும் தெற்கு ஜன்னலையும் தவிருங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். உப்பைவிட, வீடு துடைக்கும் தண்ணீர்தான் அவற்றின் அடியை ஊத வைக்கிறது.

கரண்ட்

சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் கேட்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும். டிவியிலிருந்து சாதாரண ஆடியோ ஒயர் போட்டால் கேபிள் டிவி இணைப்பு வழியாக 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின் இரைச்சல்) நுழையக்கூடும். ஆப்டிகல் ஒயரில் மின் தொடர்பே இல்லாததால் அது அற்றுப் போகும். ஒன்று மட்டும்: டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்த யமஹாவில் சத்தமே வராது, டால்பியை அது பிரிக்காது. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஸ்பைக் பஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். பிளக்கைப் பிடுங்குவதுதான் காப்பு.

சபுராளி வீட்டுப் பழைய செட்

எண்பதுகளில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சான்சுய், அகாய், பயனியர் செட்கள் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஆம்ப் தனிப் பெட்டியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிளக்கைச் சொருகும் முன் பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். சவூதியில் வாங்கியது 110-இலோ 127-இலோ நிற்கக்கூடும், 240-க்கு மாற்றாமல் போட்டால் புகைதான்.

ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் தொட்டால் மாவாக உதிரும். அது பத்துப் பதினைந்து வருஷத்தில் தானாகவே போவது, இந்த வெக்கையில் இன்னும் சீக்கிரம். கோனும் சுருளும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். பழைய பிசினை ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் ஊறவைத்துச் சுரண்டி, முதலில் கோன் பக்கம் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு நடு மூடியைக் கழற்றி, சுருளைச் சுற்றி எக்ஸ்ரே பிலிம் கீற்றுகளைச் செருகி மையப்படுத்தி, வெளி விளிம்பை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கீற்றை எடுத்தபின் கோனை இரண்டு கட்டை விரலாலும் மெதுவாக அழுத்தினால் உரசல் கேட்கக் கூடாது. உரசினால் மறுபடி பிய்த்து ஒட்டத்தான் வேண்டும். ரப்பர் வளையம் கிடைத்தால் ஆயுள் கூடும், சற்றுக் கனம் என்பதால் சத்தம் ஒரு துளி குறையும். இந்த ஊருக்கு அது நல்ல பேரம்.

பழைய ஆம்பை முதல்முறை போடும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் கோத்துப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மூடியைத் திறந்து பார்த்தால் பாதி நேரம் காரணம் கெப்பாசிட்டர் இல்லை, போர்டின் மேல் கருகிக் கிடக்கும் பல்லி. புதிய ஆம்பானாலும் பழையதானாலும் காற்றுத் துளைகளின்மேல் துருப்பிடிக்காத எஃகு வலையை வெட்டி ஒட்டிவிடுங்கள்.